பிரமிடுக்குள் பை இருக்கிறதா?

கேள்வி: கீஸாவின் பெரிய பிரமிடின் சுற்றளவை உயரத்தின் இரு மடங்கால் வகுத்தால் பை (π) மதிப்பு வருகிறது. அது நிற்கும் அட்சரேகை 29.9792, நொடிக்கு 29,97,92,458 மீட்டர் என்ற ஒளியின் வேகத்திலும் அதே இலக்கங்கள். இது தற்செயலா?

பதில்: முதல் கணக்கு சரிதான். கட்டி முடித்தபோது அடிப்பக்கம் 440 அரச முழம், உயரம் 280 முழம். 1760-ஐ 560-ஆல் வகுத்தால் 22/7. ஆனால் அந்த 22 எங்கிருந்து வந்தது? எகிப்திய அரச முழத்துக்கு 28 விரல். சாய்வை அவர்கள் கோணமாகச் சொல்லவில்லை. சுவர் ஒரு முழம் உயரும்போது எத்தனை விரல் உள்ளே தள்ளிப் போகிறது என்று சொன்னார்கள். அதன் பெயர் செகெட். குஃபு மன்னனுக்காகக் கட்டிய இந்தப் பெரிய பிரமிடில் அது 22 விரல். 22/28-ஐ நான்கால் பெருக்கினால் 22/7 தானாக வந்து நிற்கும். இதற்கு வட்டத்தைப் பற்றி யாரும் யோசித்திருக்க வேண்டியதில்லை.

பக்கத்திலேயே குஃபுவின் மகன் காஃப்ரேயின் பிரமிடு. அங்கே செகெட் 21 விரல். அதே கணக்கைப் போட்டால் சரியாக 3 வரும். அதை யாரும் புனித எண் என்று கொண்டாடுவதில்லை. அப்புறம், ரைண்ட் பாப்பிரஸ் என்ற பிற்காலத்து எகிப்தியக் கணக்கு ஏட்டில் வட்டத்தின் பரப்பு காண, விட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கைக் கழித்து மீதியை வர்க்கமாக்குகிறார்கள். அதிலிருந்து கிடைக்கும் பை சுமார் 3.16, 22/7 அல்ல.

ஒளியின் வேகக் கணக்கில் எனக்குக் கொஞ்சமும் சம்மதம் இல்லை. மீட்டர் 1790-களில் பிரான்ஸில் பிறந்த அளவு, பிரமிடு கட்டியவர்களுக்கு அது தெரியாது. அட்சரேகையில் நான்காவது தசம இடம் என்பது தரையில் சுமார் 11 மீட்டர். பிரமிடின் அகலமோ 230 மீட்டர். அந்த இலக்கத்தில் இருபது எண்களை அது ஒன்றாக மூடிக்கொண்டு நிற்கிறது. உங்களுக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

பிரமிடில் ரகசிய எண் தேடும் இந்த ஆசை பழையது. 1859-இல் ஆங்கிலேயப் பதிப்பாளர் ஜான் டெய்லர் தொடங்கினார். 1864-இல் ஸ்காட்லாந்தின் அரச வானியலாளர் பியாஸி ஸ்மித் டெய்லர் சொன்ன 'பிரமிடு அங்குலம்' என்ற அளவைப் பரப்பி, அடிப்பக்கத்தில் ஆண்டின் 365.24 நாட்களைக் கண்டார். அவரை நம்பிய குடும்பத்தில் வளர்ந்த தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1880-இல் கருவிகளோடு போய்ப் பொறுமையாக அளந்தார். பக்கம் ஸ்மித் சொன்னதைவிடக் குறைவாக இருந்தது. 365-உம் போனது. தன் வீட்டின் நம்பிக்கைக்கு எதிராக வந்த அளவையும் அப்படியே அச்சிட்ட பெட்ரியை நான் மனதார மதிக்கிறேன்.

வியக்க வேறு விஷயம் இருக்கிறது. 230 மீட்டர் நீளப் பக்கங்கள் நான்குக்கும் இடையே வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான். அதை முழக்கோலும் கயிறும் வைத்துச் சாதித்தவர்களின் பெருமையைத்தான் இந்த ரகசியக் கதைகள் பறிக்கின்றன. செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் 2013-இல் கிடைத்த பாப்பிரஸ்களைப் படியுங்கள். குஃபுவின் காலத்தில் மேரர் என்ற அதிகாரி தன் ஆட்களோடு டூரா கல்குவாரியிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றி, நைல் வழியே கீஸாவுக்குப் படகில் போன நாட்களும், வழியில் தங்கிய இரவுகளும் அதில் வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன.