மாத்திரையை நிறுத்திட்டு தியானம் பண்ணலாமா, சிஸ்டர்?

மனநலப் பிரிவுல ரொம்ப வருஷம் நர்சா இருந்து ஓய்வு பெற்றவ நான். மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி, அதாவது இந்த நிமிஷம் நடக்கறதை மட்டும் கவனிக்கற தியானம் பத்தி தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆளுங்க கேட்டதுக்குப் பதில் கீழே. மருந்து அளவை மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க, அது உங்க டாக்டர் சொல்ல வேண்டியது.

கேள்வி (அரூர்): டிப்ரஷன் மூணு தடவை வந்துபோச்சு. இப்ப நல்லா இருக்கேன். தினமும் மூச்சைக் கவனிச்சு உட்கார்றேன். மாத்திரையை விட்டுடலாமா சிஸ்டர்?

பதில்: நீங்களா விடாதீங்க. உங்களுக்குன்னே நடத்தின மாதிரி ஒரு ஆய்வு இருக்கு. இங்கிலாந்துல நடந்தது, 2015-ல லான்செட் இதழ்ல வந்தது. மொத்தம் 424 பேர், எல்லாருக்கும் குறைஞ்சது மூணு தடவை டிப்ரஷன் வந்திருக்கு, எல்லாரும் மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தவங்க. பாதிப் பேர் மாத்திரையைத் தொடர்ந்தாங்க. மீதிப் பேர் 8 வார மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்புக்குப் போய்க்கிட்டே டாக்டர் சொல்படி மாத்திரையைக் குறைச்சாங்க. 2 வருஷத்துல நோய் திரும்பினது முதல் கூட்டத்துல 47 சதவீதம், ரெண்டாவதுல 44. ஏறக்குறைய ஒண்ணுதான்.

இதைக் கேட்டதும் "அப்ப தியானமே போதும்"னு துள்ளுவாங்க. மாத்திரை படிப்படியா குறைஞ்சதையும், வகுப்பெடுத்தவங்க அதுக்குன்னே பயிற்சி வாங்கினவங்கங்கறதையும் மறந்துடுவாங்க. எந்தப் பக்கம் இருந்தாலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பேருக்குத் திரும்பியும் இருக்கு, பாருங்க. சட்டுனு நிறுத்தினா தலைசுத்தல், எரிச்சல், தூக்கமில்லாமை வரலாம். அது நோயா, மருந்தை விட்டதாலயான்னு பிரிச்சுச் சொல்றதே கஷ்டமாயிடும்.

பயிற்சியை விட வேண்டாம். "நான் எதுக்கும் லாயக்கில்லை"ன்னு நெனப்பு வரும்போது, "ஓ, பழைய நெனப்பு வந்திருச்சு"ன்னு அடையாளம் தெரியறதுதான் அதோட பலன். அது தெரிஞ்ச அன்னைக்கே டாக்டரைப் போய்ப் பார்க்கலாம், படுத்த படுக்கையாகற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி (ஓசூர்): பைபோலார், அதாவது மனசு ஒரு நேரம் அளவுக்கு மீறிப் பொங்கும், ஒரு நேரம் சோர்ந்துடும். அதுக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடறேன். கம்பெனியில நைட் ஷிஃப்ட். 10 நாள் மௌன முகாமுக்கு நண்பர் கூப்பிடறார். விடியக்காலை 4 மணிக்கு எழுந்திரிக்கணுமாம், நடுவுல விரதமும் உண்டாம்.

பதில்: போகாதீங்க தம்பி. தூக்கம் குறைஞ்சா மேனியா, அந்த அளவுக்கு மீறின பொங்கல், கிளம்பும், உங்க நோயோட குணம் அது. இந்த மாதிரி மௌன தியான முகாம் நடத்தற விபாசனா மையங்களே விண்ணப்பத்துல மனநோய் இருக்கான்னு கேக்கறாங்க, தீவிரமான மனநோய் உள்ளவங்களுக்கு இது வேண்டாம்னும் சொல்றாங்க. விரதத்துல தண்ணியும் உப்பும் குறைஞ்சா ரத்தத்துல லித்தியம் ஏறிடும். கை நடுக்கம் அதிகமாகி, வாந்தி, பேதி, தள்ளாட்டம்னு வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

உங்களுக்கு முதல்ல வேணுங்கறது பகல் ஷிஃப்ட். டாக்டர்கிட்ட சர்டிஃபிகேட் வாங்கி கம்பெனியில கேளுங்க. பத்து முகாம் பண்ணாததை அந்தக் காகிதம் பண்ணும்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): எந்த ஆப் நல்லது?

பதில்: காசு கட்டாதீங்க. வாசல்ல பத்து நிமிஷம் நடக்கும்போது கால் தரையில படறதைக் கவனிங்க. அது போதும்.

கேள்வி (பாலக்கோடு): மகனுக்கு ஸ்கிசோஃப்ரினியா. மாத்திரை ஒழுங்கா போடறான். கண்ணை மூடி உட்காரச் சொன்னா, குரல் இன்னும் சத்தமா கேக்குதுங்கறான்.

பதில்: கண்ணை மூட வைக்காதீங்கம்மா. வெளிச்சத்தம் அடங்கினா உள்ள கேக்கறது பெருசாயிடும். சைக்கோசிஸ், அதாவது இல்லாத குரல் கேக்கற மாதிரி நோய் உள்ளவங்களுக்கு இந்தப் பயிற்சியைச் சொல்லிக் குடுக்கறவங்க நேரத்தைக் குறைச்சு, நடுநடுவுல பேசிக்கிட்டே, நீண்ட மௌனம் இல்லாமத்தான் நடத்தறாங்க.

வீட்ல புளி தட்டற வேலை இருக்கா? பையனைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கோங்க. ஓட்டை உடைச்சு, நாரை உருவி, கொட்டையைத் தட்டி எடுக்கட்டும். விரல்ல பிசுக்கு ஒட்டறது, நார் ஒரே இழுப்புல வர்றது, இடையில அறுந்து போறது, இதையெல்லாம் அவனைச் சொல்ல விடுங்க. ரெண்டு மூணு நிமிஷம் போதும். குரல் வந்தா அதோட வாதாட வேண்டாம், விரட்டவும் வேண்டாம். "வந்திருக்கு"ன்னு சொல்லிட்டு அடுத்த புளியை எடுக்கட்டும். எத்தனை கிலோ முடிஞ்சதுன்னு மட்டும் கேட்டுடாதீங்க, பயிற்சி கூலி வேலையாயிடும்.

குரல் அவனை ஏதாவது செய்யச் சொல்லி ஏவினா, பயிற்சியை நிறுத்திட்டு உடனே டாக்டரைப் பாருங்க.

கேள்வி (பென்னாகரம்): உட்கார்ந்தாலே பழைய சம்பவம் படமா ஓடுது, நெஞ்சு அடிச்சுக்குது. பொறுத்துக்கோன்னு சொல்லிக் குடுத்தவர் சொல்றார். நான் எங்க போறது சிஸ்டர்?

பதில்: பொறுக்க வேண்டாம், நிறுத்திடுங்க. அந்தச் சம்பவத்துக்குத் தனியா சிகிச்சை இருக்கு, அது முதல்ல. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு அங்கயும் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. அதுவரைக்கும் அரசாங்கத்தோட மனநல உதவி போன் டெலிமானஸ், 14416. காசில்லை, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். சாகணும்னு நெனப்பு வந்தா அந்த நேரத்துல தனியா உட்காராதீங்க. வீட்ல ஒருத்தரைக் கூப்பிட்டுப் பக்கத்துல வெச்சுக்கிட்டு போன் போடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பழைய சீட்டையும் மீதி மாத்திரையையும் அட்டையோட எடுத்துட்டுப் போங்க. "வெள்ளையா, சின்னதா இருக்கும்"னு சொன்னா எந்த டாக்டராலயும் கண்டுபிடிக்க முடியாது.