கருவாடு மீனாகும் ஊர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போர்ச்சுகலில், போர்த்தோ நகரின் புறநகரில் மனைவி, ஆறு வயது மகள் ஆகியோருடன் எனக்கு இது இரண்டாவது குளிர்காலம். சென்ற ஆண்டு டிசம்பர் 24 இரவு விருந்துக்குக் கீழ்வீட்டு மூதாட்டி எங்களை அழைத்தார். கேக்கும் வான்கோழியும் இருக்கும் என்று எண்ணிப் போன எங்களுக்கு, வேகவைத்த உப்புக் கருவாடும் உருளைக்கிழங்கும் கோஸ் இலையும் பரிமாறினார்கள். மனைவியால் வாயில் வைக்க முடியவில்லை. மறுநாள் அந்த மிச்சத்தையே பூண்டு போட்டு வதக்கி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பண்டிகை நாளில் பழையதைக் கொடுக்கிறார்களே, நம்மை என்னவென்று நினைத்திருக்கிறார்கள் என்று மனம் கசந்தது. இந்த ஆண்டும் அழைத்திருக்கிறார். அவர் மனம் நோகாமல் எப்படி மறுப்பது? மகளை இந்தக் கொண்டாட்டங்களில் எந்த அளவுக்குக் கலந்துகொள்ள விடலாம்? வீட்டுக்குள் குளிரும் தாங்கவில்லை. அந்நாட்டில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

குளிருக்கு வழி கிடையாது. அங்குள்ள பழைய வீடுகள் பலவற்றில் வெளியே இருக்கும் குளிர்தான் உள்ளேயும் இருக்கும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றும் நல்ல கம்பளிக் காலுறைகளும் வாங்கிக்கொள்ளுங்கள். மகளைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அவள் உங்களைவிடத் தெளிவாக இருப்பாள் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தைத்தது 'உப்புக் கருவாடு' என்ற சொல். அதை நீங்கள் எந்தத் தொனியில் எழுதியிருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அது என்னுடைய தொனியும்தான். சென்னையில் வாடகைக்கு வீடு தேடிய காலத்தில், "கருவாடெல்லாம் சமைக்க மாட்டீங்களே?" என்று கேட்ட வீட்டுக்காரர்களிடம், "ஐயோ, நாங்க அதையெல்லாம் தொடுறதே இல்லைங்க" என்று பொய் சொல்லிப் பழகிய வாய் என்னுடையது.

2009-இல் ஆய்வுப் பணிக்காக நான் போர்ச்சுகலின் அவெய்ரோ நகருக்குப் போனபோது, அம்மா என் பெட்டிக்குள் அரைக் கிலோ நெத்திலிக் கருவாட்டை வைத்து அனுப்பினார். அதை நான்கு பிளாஸ்டிக் பைகளுக்குள் சுருட்டி, அலமாரியின் மேல்தட்டில் மூன்று மாதம் ஒளித்து வைத்திருந்தேன். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விடாமல் பெய்துகொண்டிருக்க, ஜன்னல்களை இறுக மூடிவிட்டு ஒரு கைப்பிடியை வறுத்தேன். சட்டியில் போட்டுச் சற்று நேரம்கூட ஆகியிருக்காது, கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டுக் கிழவர். மன்னிப்புக் கேட்பதற்கான போர்த்துகீசியச் சொற்களை நான் தேடிக்கொண்டிருந்தபோதே அவர் என்னைத் தாண்டி அடுப்படிக்குப் போனார். தாளில் வறுக்காமல் கிடந்த நெத்திலியில் ஒன்றை எடுத்து, தலையை நகத்தால் கிள்ளிப் போட்டுவிட்டு, மென்று பார்த்தார். "உப்புப் போதாது" என்றார். தலையைக் கிள்ள வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு அன்றைய ஆச்சரியம்.

சில நாள் கழித்து என்னைத் தம் வீட்டு அடுப்படிக்கு அழைத்துப் போனார். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில், தண்ணீருக்குள், இரண்டு விரல் கனத்துக்குப் பகல்யாவ் துண்டுகள் கிடந்தன. காட் என்னும் குளிர்கடல் மீனை உப்பிட்டு உலர்த்தியதுதான் பகல்யாவ். தொட்டியில் ஒவ்வொரு துண்டும் தோல் மேலே இருக்கும்படி வைக்கப்பட்டிருந்தது. தோல் கீழே இருந்தால் உப்பு இறங்குவதற்கு வழியில்லாமல் சதையிலேயே தங்கிவிடுமாம். இரண்டு நாள், தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து மாற்றினார். கருவாடு மீனாகாது என்பது நம் பழமொழி. அந்தத் தொட்டியில், பலகை போலக் கிடந்த ஒன்று என் கண்ணெதிரே மெல்ல மீனாகிக்கொண்டிருந்தது.

அவர் இளம் வயதில் 'தெர்ரா நோவா' என்று அவர்கள் சொல்லும், கனடாவின் கிழக்கே உள்ள நியூஃபவுண்ட்லாந்துக் கடலுக்குப் போனவர். கப்பலிலிருந்து ஆளுக்கு ஒரு சிறு படகாக இறக்கிவிடுவார்கள்; மூடுபனிக்குள் தனியாகப் போய்த் தூண்டில்கயிறு போட்டுப் பிடித்துவர வேண்டும். வசந்தத்தில் கிளம்பினால் திரும்புவதற்குப் பாதி ஆண்டு ஆகும். அந்நாட்டை அப்போது ஆண்ட சர்வாதிகாரி சலாசாரின் அரசு 1934-இல் பகல்யாவ் வணிகத்துக்கென்று ஓர் ஒழுங்குமுறை ஆணையமே அமைத்திருந்தது. இந்தக் கப்பல்களில் தொடர்ந்து பல ஆண்டுகள் போனவர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கும் உண்டு. 1961-இல் ஆப்பிரிக்கக் காலனிகளில் போர் தொடங்கியபின், துப்பாக்கியா தூண்டிலா என்று கேட்கப்பட்ட இளைஞர்களில் அவரும் ஒருவர். அந்த ஒற்றையாள் படகுகளின் காலம் 1974-இல் முடிந்தது. அவெய்ரோவை ஒட்டிய இல்யாவு ஊரில் இதற்கென்றே கடல்சார் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. போர்த்தோவிலிருந்து தொலைவில்லை, மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். மீன் கரை சேர்ந்தபின் அதைக் கழுவி, உப்பிட்டு, வெயிலில் பரப்பி, மழை வந்தால் வாரிச் சுருட்டியவர்கள் அந்தக் கரையின் பெண்கள். நம் கடற்கரைகளிலும் அப்படித்தான். வேறுபாடு என்னவென்றால், அவர்கள் அந்தக் கருவாட்டுக்கு 'நம்பிக்கையான நண்பன்' என்று செல்லப்பெயர் வைத்து ஆண்டின் தலையாய இரவில் மேசை நடுவே வைக்கிறார்கள். நாம் விருந்தாளி வருகிறார் என்றால் சட்டியை மூடி ஒளிக்கிறோம். சாதியை மூக்கில் வைத்துக்கொண்டு திரிபவர்கள் நாம். வான்கோழியை நீங்கள் எதிர்பார்த்தது ஆங்கிலப் படங்களைப் பார்த்து. பகல்யாவைக் கண்டு முகம் சுளித்தது அந்தச் சென்னை வீட்டுக்காரரின் மூக்கைக் கொண்டு. உங்கள் சொந்த மூக்கால் எதையாவது முகர்ந்தீர்களா, எம்.?

மறுநாள் வந்த 'மிச்சம்' பற்றி இவ்வளவு வருந்த வேண்டாம். அதன் பெயர் 'ரோப்பா வெல்யா', பழைய துணி என்று பொருள். அது 25-ஆம் தேதிக்கென்றே உள்ள பண்டம். அதற்காகவே முந்தைய இரவு கூடுதலாக வேகவைப்பார்கள். கல்யாண வீட்டுச் சுண்டக்குழம்பு யாருக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். விருந்தாளிக்குப் புதிதாகச் சமைத்துப் போடுவோம். மறுநாள் குழம்பை உறவுக்காரர்களுக்குத்தான் கொடுத்தனுப்புவோம்.

அந்த இரவு உணவுக்குக் 'கொன்சுவாதா' என்று பெயர். திருவிழாவுக்கு முந்தைய நாளில் இறைச்சியை விலக்கும் கத்தோலிக்க நோன்பிலிருந்துதான் அதற்கு மீன் வந்தது. கிழவரின் வீட்டில் ஆலிவ் எண்ணெயைத் தட்டில் குளமாக ஊற்றினார்கள். சதை இதழ் இதழாகப் பிரிந்தது. முடிந்தபின் உதவியாக இருக்கட்டும் என்று நான் தட்டுகளை அடுக்கப்போக, கிழவரின் மனைவி என் புறங்கையில் லேசாக அடித்தார். அவர் வடகிழக்கு மலைப்பகுதியைச் சேர்ந்தவர். அன்றிரவு மேசையைத் துடைக்கக் கூடாது, இறந்தவர்கள் வந்து சாப்பிடுவார்கள் என்றார். அப்பாவின் திதிப் படையலில், கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் அம்மா இலையில் வைக்கும் நெத்திலி எனக்கு நினைவுக்கு வந்தது. அவருக்கு அது பிடிக்கும். நான் அறைக்குத் திரும்பி, மிச்சமிருந்த பையைக் கொண்டுபோய் அந்த மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை.

எப்படி மறுப்பது என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியவில்லை. மனைவிக்குப் பிடிக்காவிட்டால் உருளைக்கிழங்கும் அவித்த முட்டையும் போதும், யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். சேமியாப் பாயசம் கொண்டுபோங்கள். அவர்களும் பாலில் சேமியாவை வேகவைத்து, மேலே பட்டைத்தூளால் கோலம் போட்டு 'அலெத்ரியா' என்று ஒன்று செய்வார்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 22-ஆம் தேதி மாலையே மகளுடன் கீழே இறங்கிப் போய், தண்ணீர் மாற்றும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். தோல் மேலே இருக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லிவையுங்கள்.