பசிக்கும் போதைக்கும் மன உளைச்சலுக்கும் என்ன தொடர்பு?

உணவுப் பாதுகாப்பின்மை என்றால் பட்டினி மட்டுமில்லை. அடுத்த வேளைச் சோறு நிச்சயமில்லை என்ற நிலையும் அதுதான். மழை பொய்த்ததால் தர்மபுரியிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை கிடைக்காத நாளில் டீயும் பீடியும்தான் சாப்பாடு. பீடியில் உள்ள நிகோடின் பசியை மந்தமாக்கும், உண்மைதான். ஆனால் அது இறங்கியதும் எரிச்சலும் படபடப்பும் வரும். குவார்ட்டர் போட்டால் தூக்கம் வரும், நடுராத்திரியில் கலைந்துவிடும். அப்புறம் கவலை, மறுபடி பீடி. தண்டல் கடனை அடைக்க இன்னொரு தண்டல் வாங்குகிற கதை. ரேஷனில் அரிசி இலவசம், சரி. காய்கறிக்கு என்ன செய்வது?

“குடிக்கக் காசிருக்கு, சோத்துக்கு இல்லையா?” என்று கேட்பவர்கள் குடியால்தான் வறுமை என்று நினைக்கிறார்கள். ஆனால் பசியும் கவலையும் முன்னால் வந்து குடி பின்னால் வருவதும் உண்டு.