அரைகுறைத் தகவலோடு முடிவெடுப்பது: கேள்வி பதில்

கேள்வி: எட்டுப் பேர் குழுவுக்குப் புதிதாகத் தலைமை ஏற்றிருக்கிறேன். முழு விவரமும் தெரியாமல் முடிவெடுக்கத் தயக்கமாக இருக்கிறது. காத்திருப்பது தவறா?

பதில்: காத்திருந்தால் புதிதாக ஏதாவது தெரியவரும் என்றால் காத்திருங்கள். தெரியவராது என்றால் காத்திருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் விலை உண்டு. இரண்டாம் உலகப் போரில் 1944 ஜூன் 5 அன்று பிரான்சின் நார்மண்டிக் கரையில் நடக்கவேண்டிய தரையிறக்கத்தை, வானிலை மோசமானதால் நேச நாட்டுப் படைகளின் தளபதி ஐசன்ஹோவர் ஒரு நாள் தள்ளிவைத்தார். கொஞ்ச நேரம் காற்று தணியும் என்று வானிலையாளர் ஸ்டாக் சொன்னதும் 6ஆம் தேதிக்குச் சரி என்றார். கணிப்பு பலிக்கும் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அதை விட்டால், கடலின் ஏற்றவற்றம் மறுபடி ஒத்துவர இரண்டு வாரம் ஆகும். அப்படித் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? ஜூன் 19 அன்று அடித்த புயல், நேச நாட்டுப் படைகள் அந்தக் கரையில் அமைத்திருந்த செயற்கைத் துறைமுகம் ஒன்றையே நொறுக்கிப்போட்டது.

கேள்வி: ‘எனக்குத் தெரியவில்லை’ என்று குழுவிடம் சொன்னால் மதிப்பு குறையாதா?

பதில்: குறையாது, வேலை நிற்காதவரை. 2009 ஜனவரி 15 அன்று பறவைகள் மோதி, அமெரிக்க விமானி சல்லன்பெர்கர் ஓட்டிய பயணிகள் விமானத்தின் இரண்டு இன்ஜினும் உந்துவிசை இழந்தன. நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்க மொத்தம் 208 விநாடி. கடைசி விநாடிகளில் துணை விமானியிடம், வேறு யோசனை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. கேட்டபோதும் அவர் கை விமானத்தை ஆற்றை நோக்கி இறக்கிக்கொண்டுதான் இருந்தது. 155 பேரும் பிழைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது.

கேள்வி: எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசலாமா?

பதில்: வேண்டாம். எல்லோரையும் கேளுங்கள், அப்புறம் நீங்களே முடிவைச் சொல்லுங்கள்.

கேள்வி: என் முடிவு சொதப்பிவிட்டது. மேலிடத்துக்கு அறிக்கை எழுதவேண்டும். எப்படி எழுதுவது?

பதில்: மறுபடி ஐசன்ஹோவர்தான். தரையிறக்கம் தோற்றால் வெளியிட ஒரு குறிப்பை முன்கூட்டியே பென்சிலால் எழுதி வைத்திருந்தார். பதற்றத்திலோ என்னவோ, ஜூன் என்பதற்கு ஜூலை என்று தேதி போட்டிருக்கிறார். படைகள் திரும்பப் பெறப்பட்டன என்ற பொருளில் எழுதியதை அடித்துவிட்டு, படைகளை நான் திரும்பப் பெற்றேன் என்று மாற்றியிருக்கிறார். பழி ஏதும் இருந்தால் அது தன் ஒருவனுடையது என்று முடித்திருக்கிறார். உங்கள் அறிக்கையில் ‘தாமதம் ஏற்பட்டுவிட்டது’ என்று ஒரு வரி நிச்சயம் இருக்கும். அதை ‘தாமதப்படுத்திவிட்டேன்’ என்று மாற்றுங்கள். மாற்றும்போது கை கொஞ்சம் கூசும், பரவாயில்லை.