ஓ.பி. நம்பர் ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை, தங்கச்சி

கேள்வி: அக்கா, எனக்கு 37 வயது. அம்பாசமுத்திரம் பக்கம். கைக்குழந்தையாக இருக்கும்போதே என்னை எடுத்து வளர்த்தார்கள் என்பது எட்டாம் வகுப்பிலேயே தெரியும், அம்மாவே சொல்லிவிட்டாள். போன ஐப்பசியில் அம்மா தவறிவிட்டாள். பதினாறு கழிந்து டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது பட்டுச்சேலைக்கு அடியில் ஒரு பழுப்புத் தாள் கிடைத்தது. மடிப்பில் கிழிந்து பாதி எழுத்து போய்விட்டது. 'ஓ.பி.' என்று ஒரு நம்பரும் 1988 என்ற வருடமும்தான் தெளிவாக இருக்கின்றன. நான் பிறந்த ஆஸ்பத்திரிச் சீட்டு என்று நினைத்து நாலு ஆஸ்பத்திரி ஏறி இறங்கினேன். அவ்வளவு பழைய சீட்டு இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். பெற்றவளை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அப்பாவுக்கு 74 வயது, அவரிடம் கேட்க வாய் வரவில்லை. 'பெத்தவங்களத் தேடிப் போனா இந்த வீட்டுல ஒனக்குப் பாத்தியத போயிரும்' என்கிறான் சித்தப்பா மகன். பங்குனி உத்திரத்தன்று எங்கள் குலதெய்வமான சாஸ்தா கோயிலில் பொங்கல் வைக்கும்போது, 'இவளுக்கு எந்த சாஸ்தாவோ' என்று ஒரு பெரியம்மை முணுமுணுத்தது இன்னும் காதில் நிற்கிறது. நான் தேடலாமா? தேடினால் எங்கே போய்க் கேட்பது? (பெயர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, முதலில் அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த ஜெராக்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தேன். ஓரத்தில் வட்ட முத்திரை ஒன்றின் கால்வாசி இருக்கிறது. அதில் 'மன்றம்' என்ற நாலு எழுத்து மட்டும் கிழியாமல் தப்பியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஓ.பி. என்றால் வெளிநோயாளி. கோர்ட்டில் ஓ.பி. என்றால் ஒரிஜினல் பெட்டிஷன், அதாவது அசல் மனு. உங்கள் அம்மா சேலைக்கு அடியில் முப்பத்தேழு வருடம் பத்திரமாக வைத்திருந்தது கோர்ட் காகிதம்.

இந்த ஒரு நம்பரிலிருந்தே எவ்வளவு தெரிகிறது பாருங்கள். 1956-ல் வந்த இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டப்படி பெற்றவர்களே பிள்ளையைத் தூக்கிக் கொடுத்து, எடுப்பவர்கள் வாங்கிக்கொண்டால் தத்து ஆகிவிடும். அதற்குக் கோர்ட் தேவையில்லை. பெற்றவர்கள் இறந்துபோன, கைவிட்டுப் போன, யாரென்றே தெரியாத பிள்ளையாக இருந்தால்தான் அதன் காப்பாளர் கோர்ட்டில் முன் அனுமதி வாங்கித் தத்துக் கொடுக்க வேண்டும். ஆகவே இது தத்து மனுவாக இருந்தால், உங்களைப் பெற்றவர்கள் நேராகக் கையோடு தூக்கிக் கொடுக்கவில்லை. ஒரு காப்பாளர் வழியாக, பெரும்பாலும் ஏதோ ஒரு குழந்தைகள் இல்லத்தின் வழியாக வந்திருக்கிறீர்கள். அந்த மனுவில் காப்பாளர் யார், குழந்தை எப்படி அவரிடம் வந்தது, எந்தத் தேதியில் வந்தது என்பதையெல்லாம் எழுதியிருப்பார்கள். ஆஸ்பத்திரிப் படிகளில் நீங்கள் ஏறி இறங்கித் தேடியதன் நுனி உங்கள் கைப்பையிலேயே இருந்திருக்கிறது.

(உங்களைப் போலவே தேடும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. சொந்தத்துக்குள், தெரிந்த இடத்தில் தத்துப் போனவர்கள் கோர்ட்டில் தேடிப் பயனில்லை. சுவீகாரப் பத்திரம் எழுதிப் பதிந்திருந்தால் அது சார்பதிவாளர் ஆபீஸில் 4-ஆம் புத்தகத்தில் இருக்கும். வீட்டுப் பத்திரத்துக்கு நகல் கேட்பதுபோல் யார் வேண்டுமானாலும் அதற்கு நகல் கேட்க முடியாது. எழுதிக்கொடுத்தவர்களுக்கும், அந்தப் பத்திரத்தின் பேரில் உரிமை உள்ளவர்களுக்கும் தருவார்கள். தத்துப் பிள்ளைக்கு அந்த உரிமை உண்டு.)

இனி அப்பா. அவருக்குத் தெரியாமல் செய்துவிடலாமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்வி இருக்கிறது. வேண்டாம் தங்கச்சி. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. அந்த மனுவில் அவர் பெயரும் கையெழுத்தும் இருக்க வாய்ப்பு அதிகம். வழக்கில் இருந்தவர் நகல் மனு போட்டால் வேலை சுலபமாக நடக்கும். நீங்கள் தனியாகப் போட்டால் மூன்றாம் ஆளாகப் பாவித்து, எதற்கு நகல் என்று அஃபிடவிட் கேட்பார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வசதியை அல்ல. உங்களை முதன்முதலில் கையில் வாங்கிய நாளை நேரில் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். எந்த ஊருக்குப் போனார்கள், எந்த பஸ்ஸில் திரும்பினார்கள், மடியில் போட்டபோது நீங்கள் அழுதீர்களா தூங்கினீர்களா என்பது எந்த ரிஜிஸ்டரிலும் இருக்காது. வயது 74 ஆகிறது. இன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அந்தத் தாளை அவர் முன்னால் வைத்து, 'அப்பா, இது அம்மா பெட்டியில இருந்தது' என்று மட்டும் சொல்லுங்கள். வேறு எதுவும் கேட்க வேண்டாம். அவராகப் பேச நேரம் கொடுங்கள். முதல் நாள் எழுந்து போய்விட்டாலும் போகட்டும். அம்மா அதைக் கிழித்துப் போடாமல் உங்களுக்காகத்தான் வைத்திருந்தாள் என்பது அவருக்கும் தெரியும்.

சித்தப்பா மகன் சொன்னது தப்பு. முறைப்படி நடந்த தத்தை எடுத்தவர்களும் ரத்து செய்ய முடியாது, பிள்ளையும் 'எனக்கு வேண்டாம்' என்று உதறிவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்ப முடியாது. அந்த 1956 சட்டத்தின் 15-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. பெற்றவளைப் பார்த்தாலும் பேசினாலும், ஒரு வாய் சோறு வாங்கிச் சாப்பிட்டாலும் நீங்கள் உங்கள் அப்பாவின் மகள்தான். வீட்டில் உங்களுக்கு உள்ள பாத்தியதையில் ஓர் அங்குலம் குறையாது. அதேபோல் பிறந்த குடும்பத்துச் சொத்தில் உங்களுக்குப் பங்கும் வராது. அதை அங்கே போகும்போது முதல் வார்த்தையாகவே சொல்லிவிடுங்கள். பாதி வீடுகளில் கதவு திறக்காமல் போவது இந்தப் பயத்தால்தான்.

பெரியம்மை சொன்னதற்கும் பதில் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. தத்துக் கொடுத்த நாளிலிருந்து உங்கள் அப்பாவின் சாஸ்தாதான் உங்கள் சாஸ்தா. அந்தக் கோயில் வாசலில் பொங்கல் வைக்க அந்தப் பெரியம்மைக்கு என்ன உரிமையோ அதே உரிமை உங்களுக்கும் உண்டு. தன் சாஸ்தா எது என்று தெரியாதவர்களைக்கூடக் காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் ஏற்றுக்கொள்வார் என்று நம்பி, தலைமுறை தலைமுறையாக மலையேறிப் போகிற ஊர் நம் ஊர். இந்த மண்ணில் 'எந்த சாஸ்தாவோ' என்று ஒரு பிள்ளையை ஒதுக்கிப் பேசுவது வழக்கமும் இல்லை, முறையும் இல்லை. இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறந்த குடும்பத்தில் எந்த உறவைக் கட்டிக்கொள்ளக் கூடாதோ, தத்துப் போன பிறகும் அந்த உறவைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்கிறது அதே சட்டம். ரத்த உறவு முழுதாக அழிந்துவிடுவதாகச் சட்டமே சொல்லவில்லை. அப்படியிருக்க, அந்த ரத்தம் யாருடையது என்று தெரிந்துகொள்ள நினைப்பது வளர்த்தவர்களுக்குச் செய்கிற துரோகம் ஆகாது.

சரி, இல்லத்தின் பெயர் கோர்ட் நகலில் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கே நேராகப் போய் நிற்கலாம். ஆனால் கூடவே எழுத்தில் ஒரு மனுவும் கொடுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் அலுவலகம் இருக்கிறது, கலெக்டர் ஆபீஸில் விசாரித்தால் வழி சொல்வார்கள். அதற்கும் ஒரு பிரதி கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லத்தை மூடிவிட்டிருந்தால் அங்கிருந்த ரெக்கார்டுகள் எங்கே போயின என்று அந்த அலகில்தான் கேட்க வேண்டும். எந்த மாவட்டம் என்று குழம்பாதீர்கள். தூத்துக்குடி 1986-லேயே பிரிந்துவிட்டது, தென்காசி 2019 நவம்பர் வரை நெல்லைச் சீமைக்குள்தான் இருந்தது. 1988-ல் இல்லம் சங்கரன்கோவில் பக்கமோ கடையநல்லூர் பக்கமோ இருந்திருந்தால், அன்றைக்கு நெல்லை மாவட்டம், இன்றைக்குக் கேட்க வேண்டியது தென்காசியில்.

டெல்லியில் காரா என்கிற மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம் இருக்கிறது. அதன் 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் பூர்வீகத்தைத் தேடுவது பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். தத்துப் பிள்ளை கேட்டு வந்தால் இல்லமும் பாதுகாப்பு அலகும் உதவ வேண்டும். 18 வயது ஆனவர் தானே கேட்கலாம். ஆனால் உங்களுக்காக வேறு ஆள் தேடக் கூடாது, அதனால் உங்கள் வீட்டுக்காரரைத் தனியாக அனுப்பாதீர்கள். பெற்றவள் பிள்ளையை ஒப்படைத்தபோது 'என் பெயர் வெளியே வரக் கூடாது' என்று கேட்டிருந்தால், அவளிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே உங்களுக்குச் சொல்வார்கள். அவள் மறுத்தாலும், அவளைக் கண்டுபிடிக்கவே முடியாமல் போனாலும், எந்தச் சூழ்நிலையில் எதற்காக உங்களை ஒப்படைத்தாள் என்பதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அந்தக் கதை உங்களுக்கு உரியது. அதை யாரும் உங்களிடம் மறைக்க முடியாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு வாசகியோடு ஓர் இல்லத்துக்குத் துணைக்குப் போயிருந்தேன். மேசையில் வைத்த நீள ரிஜிஸ்டரில் அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு வரி. தேதி, எடை 1 கிலோ 900 கிராம், இடது காலில் கறுப்புக் கயிறு, மஞ்சள் பூப்போட்ட துணி. கொண்டுவந்தவர் என்ற கட்டத்தில் ஓர் இடது பெருவிரல் ரேகை. பெயரும் ஊரும் இருந்தன, ஆனால் விசாரித்தபோது அப்படி ஓர் ஊரே இல்லை என்று தெரிந்தது. அந்தப் பெண் ரேகையின் மேல் தன் பெருவிரலை வைத்தபடி கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, 'கயிறு கட்டி விட்டிருக்கா அக்கா, கண்ணு படக்கூடாதுன்னு' என்றாள். அதற்கு மேல் அவள் தேடவில்லை. உங்களுக்கும் ஒரு வரிதான் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு வரிதான் கிடைத்தாலும் தாங்கிக்கொள்ளும் மனசோடு போங்கள். 1992-ல் சேலத்தில் தொடங்கி, பிறகு வேறு மாவட்டங்களுக்கும் வந்த தொட்டில் குழந்தைத் திட்டத்தில் வந்த பிள்ளைகள் பலருக்கு அந்த ரேகைகூட இல்லை.

ஊரும் பெயரும் சரியாகவே கிடைத்துவிட்டால்தான் நான் உங்களுக்காகப் பயப்படுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி அப்படி ஊர் பெயர் கிடைத்ததும் அன்றைக்கே பைக்கை எடுத்துக்கொண்டு போய், பஸ் நிறுத்தத்து டீக்கடையில் பெயரைச் சொல்லி விசாரித்தான். அவன் டீயைக் குடித்து முடிப்பதற்குள் தெருவுக்கே சேதி போய்விட்டது. அந்த அம்மா கல்யாணத்துக்கு முன் பெற்ற பிள்ளை அவன். அவள் புருஷனுக்கும் இரண்டு மகன்களுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். வாசலுக்கு வந்தவள், 'எனக்கு யாரையும் தெரியாது' என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். நடுவில் ஓர் ஆளை வைத்து, தனியாக, பையக் கேட்டிருந்தால் ஒருவேளை அவள் எங்காவது ஒரு கோயிலில் வந்து அவனைப் பார்த்திருப்பாள். இப்போது அதற்கும் வழியில்லை.

உங்களைப் பெற்றவளுக்கு இன்றைக்கு அறுபதை ஒட்டி இருக்கலாம். 1988-ல் அவளுக்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. பெற்ற பெண்ணின் அந்தரங்கத்தைத் தத்துப் பிள்ளையின் உரிமை மீறக் கூடாது என்று அந்த ஒழுங்குமுறையிலேயே எழுதியிருக்கிறது. சட்டத்தில் இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன். காகிதத்தை உரிமையோடு கேளுங்கள், ஒரு தடவை இல்லை என்றால் மறு தடவை கேளுங்கள். அவளைப் பார்ப்பதற்கு மட்டும் அவள் சம்மதத்துக்காகக் காத்திருங்கள். பாதுகாப்பு அலகில் இருக்கும் சமூகப் பணியாளர் வழியாக உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம் போகட்டும். நன்றாக இருக்கிறேன், கல்யாணம் ஆகிவிட்டது, உங்கள் மேல் கோபம் இல்லை, சொத்தும் கேட்கவில்லை, பார்க்க விருப்பமிருந்தால் நீங்கள் சொல்லும் இடத்துக்கு வருகிறேன். இவ்வளவு போதும்.

அந்தத் தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். கண்டுபிடித்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். டிஎன்ஏ சோதனை செய்யலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். உங்கள் ரத்த சொந்தத்தில் யாராவது ஏற்கெனவே அதே கம்பெனியில் சோதனை செய்திருந்தால்தான் அது ஆளைக் காட்டும். நம் கிராமங்களில் அப்படிச் செய்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்தப் பணத்தை வக்கீல் குமாஸ்தாவுக்கும் பஸ்ஸுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாவட்டக் கோர்ட்டுக்குப் போகும்போது ஓ.பி. நம்பர், வருடம், அப்பா அம்மா பெயர், பழைய வீட்டு விலாசம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வழக்குக் கட்டு கிடைக்கவில்லை என்றால் அப்படியே திரும்பி வந்துவிடாதீர்கள், அந்த வருடத்து மனு ரிஜிஸ்டரைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மனுதாரர் பெயர் அதில் இருக்கக்கூடும். அசல் தாளை லேமினேட் செய்துவிடாதீர்கள், மங்கிய மை அதோடு போய்விடும். கண்ணாடிக் கவரில் போட்டு வையுங்கள். நகல் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். மனுதாரர் யார் என்று பார்த்து, அடுத்து யாருக்கு எழுதலாம் என்று சொல்கிறேன்.