36 பேர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எடின்பரோவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். போன மாதம் படகுச் சுற்றுலாவில், ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் இருக்கும் செயின்ட் கில்டா தீவுக்கூட்டத்தின் ஹிர்ட்டாவுக்குப் போய்வந்தேன். 1930 ஆகஸ்ட் 29 அன்று கடைசி 36 பேரும் கப்பலேறிப் போய்விட்ட தீவு. கூரையில்லாத வீடுகள் வரிசையாக நிற்கின்றன. கிளம்பும் காலையில் வீட்டுக்கு வீடு பைபிளைத் திறந்துவைத்து, பக்கத்தில் கொஞ்சம் ஓட்ஸும் வைத்துவிட்டுப் போனார்களாம். நாய்களைக் கல்லைக் கட்டிக் கடலில் மூழ்கடித்தார்களாம். அழுதுவிட்டேன். நவீன உலகம் அழித்த அந்தத் தூய இனத்தைப் பற்றி நாவல் எழுத ஆசை. தமிழன் எழுதினால் எடுபடுமா? என்ன படிக்கலாம்?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

எடுபடுமா என்பதை எழுதி முடித்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் கண்ணீரை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் உங்கள் நீண்ட கடிதத்தில் (இங்கே சுருக்கியிருக்கிறேன்) நாய்களுக்கே ஒரு பக்கம் இருக்கிறது. ஒரு மனிதரின் பெயர்கூட இல்லை. கில்லிஸ், மெக்டொனால்ட், ஃபெர்குசன், மக்கினன், மக்குவீன். கடைசிக் காலத்தில் அந்தத் தெருவில் இருந்த குடும்பப் பெயர்களே இவ்வளவுதான். இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் என்ன நாவல்?

கொஞ்ச நாளாகவே இது மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு ஊர் காலியானால் அதன் கடைசி நாளை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். அதற்கு முன் அங்கே நடந்த பேறுகளும் சாவுகளும் கல்யாணங்களும் அந்த ஒரு காலைக்கான முன்கதை ஆகிவிடுகின்றன.

தூய இனம் என்கிறீர்கள். 1727-ல் அங்கே பெரியம்மை வந்தது. ஹாரிஸ் தீவில் இறந்துபோன ஊர்க்காரர் ஒருவரின் துணிமணியோடு வந்தது என்பார்கள். அந்நேரம் பறவை பிடிக்க ஸ்டாக் அன் ஆர்மின் பாறைக்குப் போயிருந்த 3 ஆண்களும் 8 பையன்களும், அழைத்துவரப் படகோட்ட ஆளில்லாமல் அடுத்த மே வரை அங்கேயே கிடந்தார்கள். திரும்பியபோது ஊரில் பெரும்பாலோர் இல்லை. பிறகு ஹாரிஸ், ஸ்கை போன்ற தீவுகளிலிருந்து குடும்பங்கள் வந்து குடியேறின. உங்கள் தூய இனம் வந்தேறிகள்தான், ஐயா. எல்லா ஊரையும் போல.

நவீன உலகம் அழித்ததா? 1930 மே 10 அன்று 20 பேர் கையெழுத்திட்டு அரசுக்கு மனு அனுப்பினார்கள்: எங்களை இங்கிருந்து கொண்டுபோங்கள், இன்னொரு குளிர்காலம் தாங்காது என்று. செவிலி வில்லியமினா பார்க்ளே துணைநின்றார். எட்டுக் குழந்தைகள் கொண்ட மக்கினன் குடும்பத்திடம் போய் ‘உங்கள் எளிய வாழ்வு எவ்வளவு அழகு’ என்று சொல்லிப் பாருங்கள்.

நாய்களுக்காக அழுத நீங்கள் குழந்தைகளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அங்கே பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் ரண ஜன்னியில் (டெட்டனஸ்) செத்தன. தொப்புள்கொடி அறுத்த புண்வழியே தொற்றுவது. பிள்ளை நாலைந்து நாள் நன்றாகப் பால் குடிக்கும். பிறகு தாடை இறுகும், பால் இறங்காது, உடம்பு வில்லாக வளையும். ‘எட்டு நாள் நோய்’ என்றே அதற்குப் பெயர். அங்கஸ் ஃபிடிஸ் என்ற பாதிரியார் கிளாஸ்கோ போய்ப் பேறுகாலப் பயிற்சி பெற்று, கிருமிநாசினியோடு வந்தார். 1890-களின் தொடக்கத்தோடு அந்தச் சாவு நின்றது. உங்கள் நவீன உலகம் செய்த வேலை அது.

என் அப்பாயி தன் பிள்ளைகளைச் சொல்லும்போது ஜன்னி கண்டு போன இரண்டையும் சேர்த்தே சொல்வார். “ஒம்போது பெத்தேன்” என்பதுதான் கணக்கு. கணக்கெடுக்க வந்த வாத்தியாரிடமும் ஒன்பது என்றார். தாத்தா திண்ணையிலிருந்தே “ஏழுன்னு எழுதுங்க சார்” என்றார். “பெத்தவ நானா நீயா?” என்று அப்பாயி கேட்டதில் வாத்தியார் பேனாவை மூடிவிட்டார். ஹிர்ட்டாவின் பெண்களிடமும் இப்படி ஒரு கணக்கு இருந்திருக்கும்.

‘அழிந்தவர்கள்’ என்பதையும் அடித்துவிடுங்கள். 1852-லேயே 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியிருக்கிறார்கள். அதே எண்ணிக்கை, தற்செயல்தான். அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் அங்கே வாழத் தொடங்குமுன்பே இறந்தார்கள். அலெக்சாண்டர் ஃபெர்குசன் 1930-க்கு வெகுமுன்பே வெளியேறி கிளாஸ்கோவில் ட்வீட் துணி வியாபாரம் செய்தவர். கடைசியாகக் கிளம்பியவர்களில் பலரும் ஸ்காட்லாந்தின் பெருநிலக் கரையில் லாக்கலைன் என்ற ஊர்ப்பக்கம் இறங்கினார்கள். மரமே இல்லாத தீவிலிருந்து வந்தவர்களுக்கு அரசு கொடுத்தது காட்டிலாகா வேலை! சம்பளம் வாங்கினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அன்று எட்டு வயதில் கிளம்பிய ரேச்சல் ஜான்சன் 2016 வரை, 93 வயது வரை இருந்தார். அந்த 86 ஆண்டுகளை உங்கள் நாவலில் எங்கே வைப்பீர்கள்?

என்ன படிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். நூற்பட்டியல் தரப்போவதில்லை. ஸ்காட்லாந்தில் 1855 முதல் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு கட்டாயம். அந்தப் பதிவுகளையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளையும் நீங்கள் வேலைபார்க்கும் ஊரின் ஆவணக்காப்பகத்திலேயே பார்க்கலாம். ஒருநாள் விடுப்பு எடுங்கள். ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, யார் பிறந்தார், எத்தனை நாள் இருந்தார், யார் யாரைக் கட்டினார் என்று உங்கள் கையால் எழுதிக்கொண்டே வாருங்கள். முதல் நாவலுக்கு அந்த ஒரு குடும்பம் தாராளம். 36 பேரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள்.