சில்மரில்லியனும் இரைச்சலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலை நான்கு முறை படித்தவன் நான். கல்லூரியில் படிக்கும் என் மகள் சென்ற வாரம் ‘நைட்ஃபால் இன் மிடில்-எர்த்’ என்ற ஹெவி மெட்டல் ஆல்பத்தைப் போட்டுக் காட்டினாள். பிளைண்ட் கார்டியன் என்று ஒரு ஜெர்மன் குழுவாம். முழுக்க முழுக்க டோல்கீன் கதை என்றாள். என் காதில் விழுந்ததெல்லாம் டிரம்ஸும் கத்தலும்தான். 22 டிராக் ஓடி முடிந்தும் கதை பிடிபடவில்லை. போதாததற்கு, முதல் டிராக்கிலேயே போர் முடிந்துவிடுகிறது! ஒரு காவியத்தை இப்படிக் குதறலாமா? நீங்கள் ராக் கேட்பவர் என்று முன்பு எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

ர.,
திருப்பூர்

அன்புள்ள ர.,

கதை பிடிபடாததற்கு டிரம்ஸைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் நான்கு முறை படித்த நாவலே அந்த ஆல்பத்தில் இல்லை. அதன் மூலம் ‘சில்மரில்லியன்’. டோல்கீன் 1973ல் இறந்தபின், அவர் விட்டுச்சென்ற கைப்பிரதிகளிலிருந்து மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1977ல் வெளியிட்ட நூல். உங்கள் நாவலின் நாயகன் ஃப்ரோடோவுக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முந்தைய கதை. எல்ஃப் என்ற சாகாவர இனத்தைச் சேர்ந்த ஃபேயனோர் செய்த, சில்மரில் எனப்படும் மூன்று ஒளிமணிகளை இருளின் அதிபதியான மோர்கோத் திருடிவிடுகிறான். மீட்டே தீருவோம் என்று ஃபேயனோரும் ஏழு மகன்களும் சபதம் எடுக்கிறார்கள். மோர்கோத்தால் அழிந்ததற்குக் குறையாமல் அந்தச் சபதத்தாலும் எல்ஃபுகள் அழிகிறார்கள். சொந்த இனத்தையே வெட்டிச் சாய்க்கும் அளவுக்குப் போகிறது.

1998ல் வந்த இந்த ஆல்பத்தில் முழுப் பாட்டு என்று பார்த்தால் 11தான். மீதி 11ம் துண்டு வசனம், காற்றின் ஓசை, சின்னச் சின்ன இசைத் துணுக்குகள். முதல் டிராக்கில் போர் முடிவதைக் குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அதுதான் ஆல்பத்தின் ஆகச் சிறந்த யோசனை. எல்லாம் போயிற்று, தப்பித்துவிடுங்கள் என்று தோற்றுப்போன மோர்கோத்திடம் சவ்ரோன் வந்து சொல்கிறான். (ஆமாம், உங்கள் நாவலின் வில்லனான அதே சவ்ரோன்தான், இங்கே வெறும் சேவகன்.) மோர்கோத் அவனை அனுப்பிவிட்டுத் தனியே உட்கார்ந்து நடந்ததை நினைத்துப் பார்க்கிறான். பிறகு வருவது அத்தனையும் அந்த நினைப்பு. நூலில் இந்தப் போர் மணிகளின் கதைக்குக் கடைசியில் வருவது. அதை முன்னால் இழுத்துப்போட்டு, தோற்றுப்போன திருடனின் ஞாபகத்தின் வழியாக மொத்தக் கதையையும் கேட்கவைத்துவிட்டார்கள்.

அடுத்து, இந்தப் பாடல்கள் கதை சொல்வதே இல்லை. கதையின் நடுவில் ஒருவர் வாய் திறக்கிறார், அவ்வளவுதான். தந்தை கொலையுண்ட துக்கத்தில் ஃபேயனோர் பாடுகிறான், பனிப்பாழைக் கடந்து வந்த எல்ஃப் தலைவன் ஃபிங்கோல்ஃபின் பாடுகிறான். யார் பாடுகிறார்கள், எந்த இடத்தில் நின்று பாடுகிறார்கள் என்ற விவரமெல்லாம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். விடிய விடியக் ‘கர்ண மோட்சம்’ கூத்துப் பார்க்கிறவரிடம் கர்ணன் யார் பிள்ளை என்று யாரும் விளக்கிக்கொண்டிருப்பதில்லையே. கட்டியங்காரன்கூட அந்த வேலையைச் செய்யமாட்டான். இதே குழு 1990ல் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்ற பெயரிலேயே மெதுவான பாட்டு ஒன்று போட்டிருக்கிறது. உங்கள் காதுக்கு இதமாக இருக்கும். ஆனால் அது மோதிரத்தின் கதையைச் சுருக்கிச் சொல்வதோடு நின்றுவிடுகிறது.

கத்தல் என்கிறீர்கள். கத்தல் டோல்கீனிடமே இருக்கிறது. மணிகளைத் திருடிக்கொண்டு ஓடும் மோர்கோத்தை, கூட்டாளியான உங்கோலியன்ட் என்ற ராட்சதச் சிலந்தி பங்கு கேட்டு வலையில் சுற்றிவிடுகிறது. அவன் போட்ட அலறல் அந்த நிலத்தில் தங்கிவிட்டது. அங்கே யார் வாய்விட்டுக் கத்தினாலும் அது விழித்துக்கொள்ளும் என்று எழுதுகிறார். அந்த நிலத்துக்குப் பெயர் லாமோத், பேரெதிரொலி. ஆல்பத்தின் மூன்றாவது டிராக்குக்கும் அதுதான் பெயர். அரை நிமிடம்கூட ஓடாது. அதில் இருப்பது அந்த அலறல் மட்டும்தான்.

டோல்கீன் என்றாலே பச்சைப் புல்வெளி, புகைக்குழாய், ஹாபிட் என்ற குள்ள மனிதர்கள் என்று நமக்குப் பழகிவிட்டது. இந்தப் புராணத்தின் முதல் கதைகளில் ஒன்றான, எல்ஃபுகளின் கோண்டோலின் நகரத்தின் வீழ்ச்சியை, 1916ல் முதல் உலகப் போரின் சோம் போர்முனையிலிருந்து பதுங்குகுழிக் காய்ச்சலோடு திரும்பி, உடல் தேறிக்கொண்டிருந்த காலத்தில் எழுதினார். டாங்கிகள் முதன்முதலாக இறங்கிய போர் அது. அந்தக் கதையில் வயிற்றுக்குள் மோர்கோத்தின் படையான ஓர்க்குகளைச் சுமந்துகொண்டு இரும்பு மிருகங்கள் நகரத்துக்குள் வருகின்றன. அதே கோண்டோலின்தான் ஆல்பத்தில் ‘மிரர் மிரர்’ பாட்டாகிறது. இரட்டை டிரம் உதையில் அது ஓடும்போது எனக்கு ஒவ்வாமை எதுவும் தோன்றவில்லை. இதைப் புல்லாங்குழலில் வாசித்தால்தான் கோபம் வரும்.

சத்தத்துக்குள்ளேயும் கொஞ்சம் கேட்டுப்பாருங்கள். பாடகர் ஹான்ஸி கியூர்ஷ் இந்த ஆல்பத்தில்தான் பேஸ் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரே ஆளின் குரலைத் திரும்பத் திரும்பப் பதிந்து அடுக்கி, ஒரு படையே சேர்ந்து பாடுவதுபோல ஆக்கியிருக்கிறார்கள். ஆந்த்ரே ஓல்பிரிஷின் கிட்டார் வெறுமனே பின்னால் கோடு போடுவதில்லை. குரலோடு சரிக்குச் சரியாக இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டே வருகிறது.

எனக்கும் குறைகள் உண்டு. துண்டு வசனங்களை இரண்டாம் முறைக்குமேல் என்னால் கேட்க முடியவில்லை, இப்போதெல்லாம் தாண்டிவிடுகிறேன். சில இடங்களில் குரல்மேல் குரல் ஏறி மூச்சு முட்டுகிறது. கடைசிப் பாட்டான ‘எ டார்க் பேசேஜ்’ வரும்போது களைத்துவிடுகிறேன்.

ஆனால் 13வது டிராக், ‘டைம் ஸ்டாண்ட்ஸ் ஸ்டில்’! படைகள் அழிந்துவிட்டன என்று கேள்விப்பட்ட ஃபிங்கோல்ஃபின் தனியாகக் குதிரையேறிப் போய், மோர்கோத்தின் கோட்டைக் கதவைத் தட்டி, வெளியே வா என்கிறான். ஜெயிக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். ஏழு முறை காயப்படுத்துகிறான். காலடியில் நசுங்கிச் சாகும்போதும் அந்தக் காலை வெட்டுகிறான். அன்றிலிருந்து மோர்கோத் நொண்டி. இதை நினைத்துப் பார்ப்பவன் அந்த நொண்டிதான் என்பதையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.

சில்மரில்லியனின் 18வது அத்தியாயத்தைப் படித்துவிட்டு இந்த ஒரு பாட்டை மட்டும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஐந்து நிமிடம் போதும். பிடிக்கவில்லை என்றாலும் எழுதுங்கள். புத்தகத்துக்குக் கடைக்கு அலைய வேண்டாம். உங்கள் மகளிடம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அதைப் படிக்காத பெண்ணுக்கு இந்த ஆல்பத்தை அப்பாவிடம் கொண்டுவந்து போட்டுக் காட்டத் தோன்றாது.